ஒரு நாளைக்கு ஒன்றுதான் நிறுத்துவார்

அன்று கடையில் ஐந்து பேர் இருந்தோம். முதல் ஆள் நான். லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் பாக்கியம் அக்கா இரண்டாவது. அவருடைய மகள் தர்ஷினி மூன்றாவது. அவர்களை ஏற்றி வந்த ஆட்டோக்கார ரவி நான்காவது. இறக்கிவிட்டுப் போயிருக்கலாம், மழை விடட்டும் என்று வாசலில் நின்றுவிட்டான். ஐந்தாவது ஆளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவர் பெயரைப் போடவில்லை. போட்டால், "அது எதுக்குத் தம்பி அங்க சும்மா நிக்குது?" என்று கேட்பார். இப்போது அவர் மறுபடி குவைத்தில், கேட்க வரமாட்டார். இருந்தாலும் போடவில்லை.

பசறை டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மற்றவர்களுடைய படிப்புக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்புகிற வேலை எனக்கு வாய்த்தது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா, எங்கேயாவது ஒரு எழுத்து மாறிவிட்டதா என்று மறுநாள்வரை திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன்.

அன்று தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். பின்னேரம் நான்கு மணியோடு விண்ணப்பிக்கும் இணையத்தளம் மூடிவிடும். தர்ஷினி உயர்தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இடையில் கொழும்பில் கார்மென்ட் தையல் வேலைக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளை. அடுத்த தடவை கூப்பிடும்போது வயதெல்லையைத் தாண்டியிருப்பாள். அவளுடைய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் முந்தின நாளே ஸ்கேன் எடுத்து என் கொம்பியூட்டரில் வைத்திருந்தேன். காலையில் இடியோடு கரண்ட் போனது. வந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. தளம் திறக்கவில்லை. திறக்கப் போனால் சிவப்பாக ஒரு முக்கோணம் வந்து நின்றது. மூடினேன். மறுபடி போனேன். மறுபடி முக்கோணம்.

ஏன் திறக்கவில்லை என்று சொல்வதற்கு அந்த ஐந்தாவது ஆளை, அந்த அக்காவைச் சொல்லவேண்டும். காரணம் அவர்தான்.

அவர் முதன்முதல் கடைக்கு வந்தது ஏதோ ஒரு படிவத்தை பிரின்ட் எடுக்க. என் கொம்பியூட்டர் பண்டாரவளையில் வாங்கிய பழையது, கொழும்பில் ஏதோ ஒரு ஒபிஸ் கழித்துவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் பிளேன்டீ குடித்துத் திரும்பினால் அப்போதுதான் படம் வந்திருக்கும். வந்தவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று காலையிலேயே யோசித்து வைத்திருப்பேன். அந்த அக்கா கோபப்படவில்லை. பெட்டியின் பக்கத்தில் காதை வைத்து, உள்ளே ஓடுகிற சத்தத்தைக் கேட்டார்.

"தம்பி, இதுக்குள்ள எத்தன பேரு வேலை செய்றாங்க?"

"ஒரு ஆள்தான் அக்கா. நான்தான்."

"நீங்க வெளிய. உள்ளுக்குள்ள?"

அவர் என்னை நகரச் சொல்லி, மூன்று விரலால் கீபோர்டில் மூன்று கட்டையை ஒன்றாக அமர்த்தினார். உள்ளே ஓடுகிற புரோகிராம்களின் பெயர்கள் நீளமாக ஒரு வரிசையாக வந்தன. வருடக்கணக்காக அந்தக் கொம்பியூட்டரோடு இருக்கிறேன், அப்படி ஒரு வரிசை இருப்பது எனக்குத் தெரியாது.

"இந்தா பாருங்க, பெரட்டு" என்றார்.

தோட்டத்தில் விடியற்காலை எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று ஆள் பிரிப்பதுதான் பெரட்டு. வேலை செய்தவருக்கு அன்றைக்கு ஒரு பேர் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம். அந்த அக்கா சின்ன வயதில் பெரட்டுக் களத்தில் நின்றவர். ஒருவர் பின்னால் ஒருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இவரு யாரு? மேப்பு வச்சிருக்கவரு. பசறைக்கு வழி தெரியாமயா தம்பி இருக்கீங்க?"

"இல்ல அக்கா."

"இவரு, திரையத் தொட்டு எழுதுறவங்களுக்கு ஒதவி செய்றவரு. இந்தத் திரை தொட்டா எழுதுமா?"

தொட்டுப் பார்த்தேன். விரல் அடையாளம்தான் விழுந்தது.

"பாவம், அப்ப யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு?" அதைச் சொன்னபோது அவர் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. "இவரு இங்க நடக்குறத கம்பெனிக்குச் சொல்றவரு. இவரு வெளையாட்டுக்காரரு. எல்லாருக்கும் பேர் விழுது, கூடையில கொழுந்து இல்ல."

"அப்ப எல்லாத்தையும் நிப்பாட்டிருவோமா அக்கா?" எனக்குப் பயம் பாதி, ஆசை பாதி.

"ஐயோ, அப்புடிச் செய்யக்கூடாது! ஒரு நாளைக்கு ஒண்ணுதான். நிப்பாட்டிட்டு, யாரு வந்து கேக்குறாங்கன்னு பாக்கணும். யாரும் கேக்கலன்னா மறுநாள் அடுத்தவரு. ஓடுற வரைக்கும் ஒருத்தரு என்னா வேலை செய்றாருன்னு யாருக்குத் தம்பி தெரியுது? நிப்பாட்டுனாத்தான் தெரியும்."

இதை அவர் எங்கே படித்தார் என்று கேட்டேன். படிக்கவில்லை. குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்திருக்கிறார். ஆளில்லாத அறைகளிலும், காம்பரா காம்பராவாக ஏசி ஓடுமாம். வீட்டுக்கார அம்மா, தேவையில்லாததை நிறுத்து என்று சொல்லிவிட்டார். எது தேவையில்லாதது என்று சொல்லவில்லை. இவர் ஒரு நாளைக்கு ஒரு காம்பராவாக நிறுத்திவிட்டு, யார் சத்தம் போடுகிறார்கள் என்று பார்த்தார்.

"ஒரு காம்பராவுல ரெண்டு மூணு நாளா ஒருத்தரும் சத்தம் போடல. சரி, இது சும்மாதான் ஓடியிருக்குன்னு நெனச்சேன். பொறகு பூனை வந்து கத்துச்சு."

"பூனையா?"

"அந்த ஏசி பூனைக்கு, தம்பி. நாங்க ஆளத்தானே தேடுனோம்!"

அந்த வீட்டுப் பையன் புதியது வாங்கியதும் பழைய லெப்டொப்பை இவரிடம் கொடுத்துவிட்டான். மற்றதெல்லாம் அரபு எழுத்து, அந்த வரிசையில் மட்டும் இங்கிலீஷ் எழுத்து. இவருக்கு அரபு பேச வரும், இரண்டையும் வாசிக்க வராது. ஆமை வேகத்தில் ஓடிய அதை, எழுத்து தெரியாமலே, வரிசையில் ஒவ்வொன்றாக நிறுத்தி, என்ன கெடுகிறது என்று பார்த்து, கெட்டதைத் திரும்ப ஓடவிட்டுப் பழகியிருக்கிறார். பெயரை வைத்து எதையும் அவர் அறியவில்லை. இல்லாமல் போனால் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் அறிந்தார். என் வரிசையிலும் அதே எழுத்து வடிவங்களைத்தான் அடையாளம் கண்டிருக்கிறார். ஒருமுறை சத்தமே வராமல் போய், அதைத் தேடி எடுக்க ஒரு நோன்பு மாதமே போயிற்றாம். அதைச் சொல்லும்போது, ஏதோ ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவரைப்போல முகம் மலர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு, பதுளைப் பாதையிலுள்ள தன் வீட்டிலிருந்து டவுனுக்கு வருகிற நாளெல்லாம் கடைக்கு வருவார். ஒன்றை நிறுத்துவார். போய்விடுவார். அன்று முழுக்க நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கம்பெனிக்காரன் வைத்தது காரணமில்லாமலா இருக்கும்? நாளைக்கு இது திறக்காமலே போய்விட்டால்? விடிந்ததும் முகம் கழுவாமல் கடைக்கு ஓடிவந்து சுவிட்சைப் போட்டுப் பார்ப்பேன். திறக்கும். போன வாரத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே திறக்கும்.

பிரின்ட் எடுக்கிறதைக் கவனிப்பவரை நிறுத்திய நாள் மட்டும் மறக்காது. ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் கையில் குடையோடு நிற்கிறார், பிரின்டரில் ஒரு அசைவும் இல்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, பிரின்டர் செத்துப்போச்சு!"

"ஆள் வந்துருச்சா? யாரு?" குரலில் அவ்வளவு ஆவல்.

"ஒரு மாஸ்டர். திட்டுறாரு அக்கா."

"நல்லது, நல்லது. அப்ப அவருக்குப் பேர் போட்ரலாம்" என்றார். மாஸ்டருக்கா, உள்ளே இருப்பவருக்கா என்று யோசித்துக்கொண்டே நான் நின்றேன். எந்த இடத்தில் எதை அமர்த்த வேண்டும் என்று போனிலேயே சொன்னார். பிரின்டர் உறுமியது. மாஸ்டர் என்னைப் பார்த்து, "நீங்க யாருகிட்ட தம்பி பேசுனீங்க, மந்திரவாதிகிட்டயா?" என்றார்.

பதுளையிலிருந்து கொம்பியூட்டர் திருத்த வந்த பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் சிரித்தான். "அண்ணே, இதுல கெடைக்கிறது கொஞ்சந்தான். பழைய டிஸ்க்க மாத்துங்க, பறக்கும்" என்றான். பின்னால் மாற்றினேன், பறக்கத்தான் செய்தது. அந்த அக்கா அத்தனை மாதம் நிறுத்தி நிறுத்திக் கொடுத்த வேகத்தைவிட அது கூட. இதை அவரிடம் சொன்னபோது வருத்தப்படவே இல்லை. "வேகம் வந்துருச்சு, சரி. ஆனா உள்ளுக்க யாரு யாரு இருக்காங்கன்னு அந்தத் தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவருக்கு எது வேண்டியிருந்தது என்பது அன்றுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

கொம்பியூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் அவர் அப்படித்தான். டீக்குச் சீனியை நிறுத்திப் பார்த்தார், நாக்கு வந்து கேட்கவில்லையாம். டிவியை நிறுத்திப் பார்த்தார், பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து கேட்டார்கள், அவர்கள்தான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். ஒருநாள் பகிடியாக, விளையாட்டுக்குக் கேட்டேன்.

"சாமி வெளக்க நிப்பாட்டிப் பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொறகு?"

"யாரும் வந்து கேக்கல தம்பி. எனக்குத்தான் அந்த மூலை இருட்டா இருந்துச்சு. கேட்டது நான்தான்னு விளங்குச்சு. திரும்ப ஏத்திட்டேன்."

இன்னொரு தடவை அவராகவே சொன்னார். கொழும்பில் இருக்கும் தம்பிக்கு ஞாயிறு தவறாமல் போன் எடுப்பாராம். அதை நிறுத்தியிருக்கிறார்.

"வந்து கேட்டாரா?"

"கேட்டான். ரொம்ப நாள் கழிச்சு ஒரு மெசேஜ் வந்துச்சு. 'அக்கா போன் ஒடஞ்சிருச்சா'ன்னு." சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு புதுக் கவலை. அவர் இரண்டு வாரம் டவுனுக்கு வரவில்லை என்றால், உடம்புக்கு முடியவில்லையா, இல்லை என்னை நிறுத்திப் பார்க்கிறாரா? பொறுக்க முடியாமல் ஒருமுறை போன் எடுத்து, "அக்கா, சுகமா இருக்கீங்களா?" என்றேன். "இருக்கேன் தம்பி. நீங்க சீக்கிரமே கேட்டுட்டீங்களே" என்றார். அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ரவி தன் போனில் அந்தத் தளத்தைத் திறந்து காட்டினான். திறந்தது. ஆனால் படிவம் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது, சான்றிதழை ஏற்ற இடம் தெரியவில்லை. என் கொம்பியூட்டரில் சிவப்பு முக்கோணம். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள், தர்ஷினியின் அடையாள அட்டையெல்லாம் களவு போகப்போகிறது என்று நினைத்து, அந்தப் பக்கம் வந்த மறுகணமே மூடிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்துக் கடையில் கரண்ட் இன்னும் வரவில்லை. பாக்கியம் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

"தம்பி, அடுத்த வருஷம் போடலாம்னு மட்டும் சொல்லிராதீங்க. அடுத்த வருஷம் இவளுக்கு இல்ல."

"தெரியும் அக்கா, தெரியும்."

அப்போதுதான் மழையில் நனைந்த குடையை உதறிக்கொண்டு அந்த அக்கா உள்ளே வந்தார். விஷயத்தை நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் திரையருகே வந்துவிட்டார். மறுபடி முக்கோணம் வந்தது. என் கை தானாக மூடப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாதீங்க. வந்து ஏதோ சொல்லுதுல்ல? என்னா சொல்லுதுன்னு கேப்போம். பாப்பா, இங்கிலீஷ் வாசிப்பீங்களா?"

தர்ஷினி குனிந்து வாசித்தாள். "ஒங்க கடிகாரம் பின்னுக்கு இருக்குன்னு போட்டுருக்கு அக்கா."

எல்லாரும் திரையின் மூலையைப் பார்த்தோம். அங்கே இருந்த தேதி பல வருடங்களுக்கு முந்தையது. கரண்ட் போய் வந்ததில் பழைய கொம்பியூட்டர் தன் பழைய நாளுக்கே திரும்பிப் போயிருந்தது. உள்ளே இருக்கிற காசு மாதிரியான சின்ன பேட்டரி எப்போதோ செத்துப்போயிருக்கிறது. தேதி பிழையாக இருந்தால் அந்த மாதிரித் தளங்கள் சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சுவரில் கலண்டர் தொங்கும்போது அந்த மூலையை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் இதற்கு முன்னாலும் எத்தனையோ தடவை கரண்ட் போயிருக்கிறது. அப்போதெல்லாம் தேதி ஏன் சரியாக இருந்தது?

அந்த அக்காவின் முகம் மாறியது. கண் அகன்று, வாய் திறந்து, குவைத்துப் பூனையைச் சொன்னபோது இருந்த அதே முகம்.

"அட! மணி பாக்குறவரு! போன வாரம் நான் நிப்பாட்டுனேனே, அவருதான். கரண்ட் போய் வாற நேரமெல்லாம் யாருக்கும் தெரியாம வெளிய கேட்டுத் திருத்தி வச்சிருக்காரு! பாத்தீங்களா தம்பி? அவருக்கு ஆள் வந்துருச்சு!"

அவர் கைதட்டவில்லை என்பதுதான் குறை.

பாக்கியம் அக்கா எழுந்து நின்றார். "என்னா சொல்றீங்க? நீங்கதான் நிப்பாட்டுனீங்களா?"

"ஆமாங்க, போன வாரம். என்னா நடக்குதுன்னு பாக்க..."

"நிப்பாட்டிப் பாக்குறதுக்கு எம் புள்ளதான் கெடச்சாளா ஒங்களுக்கு?"

வாசலில் ரவி பீடியைக் கீழே போட்டான். அந்த அக்காவின் முகத்திலிருந்த மலர்ச்சி இருந்த இடத்திலேயே நின்று, மெல்ல வடிந்தது. என் கதிரையில் உட்கார்ந்தார். தேதியைக் கையால் மாற்றினார். ரவியின் போனைப் பார்த்து மணியைச் சரியாக்கினார். வரிசையைத் திறந்து, மணி பார்ப்பவரைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஓடவிட்டார். வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் ஏதாவது பேசிக்கொண்டே செய்பவர்.

தளம் திறந்தது. நான் டைப் பண்ண உட்கார்ந்தேன். பெயரிலேயே இரண்டு எழுத்து பிழை விட்டேன்.

"அண்ணா, தள்ளுங்க" என்று தர்ஷினி என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். கார்மென்டில் வேகத்துக்குப் பழகிய கை. மளமளவென்று அடித்தாள். சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஒன்று பாதியில் நின்றது. பிறகு ஏறியது. கடைசிக் கட்டத்தை அமர்த்துவதற்கு முன் அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அமுக்குடி! என்னையப் பாத்துக்கிட்டு இருக்க!"

அமர்த்தினாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது. பிறகு பச்சையாக ஒரு வரி வந்தது, அதற்குக் கீழே ஒரு இலக்கம். தர்ஷினி அதை மூன்று தரம் வாசித்தாள். பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பாக்கியம் அக்கா தாளை வாங்கி, நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையை ஜாக்கெட்டுக்குள் செருகினார். என்னிடம், "வாறேன் தம்பி, பெரிய ஒதவி" என்றார். அந்த அக்காவின் பக்கம் திரும்பவில்லை. மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறி, பக்கத்துத் திரையைக் கீழே இறக்கிவிட்டார்.

கடையில் நாங்கள் இருவர் மட்டும். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடினேன். "போயிருச்சுல்ல அக்கா, நேரத்துக்குப் போயிருச்சு" என்றேன். அவர் கேட்கவில்லை. ஆட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை என் மேசையிலேயே விட்டுவிட்டு, படியிறங்கி, மழைக்குள் நடந்து போய், அந்தத் திரைக்கு வெளியே நின்றார்.

என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தலையிலிருந்து தண்ணீர் வடிய, திரையோடு பேசிக்கொண்டிருந்தார். ஆட்டோ ஸ்டார்ட் ஆனது. ரவி தலையை வெளியே நீட்டி அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நகர்த்தவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

திரை ஒரு பக்கமாக உயர்ந்தது. பாக்கியம் அக்காவின் கை மட்டும் தெரிந்தது.

"காய்ச்சல் வந்து படுக்கவா இங்க நிக்கிறீங்க? ஏறுங்க உள்ளுக்கு. நீ அங்கிட்டு நகருடி."

அவர் ஏறினார். நான் வாசலுக்கு ஓடி, மழையை மீறிக் கத்தினேன்.

"அக்கா! ஒங்க வீடு பதுளைப் பக்கமுல்ல?"

திரை இறங்கியது. ஆட்டோ பதுளைக்கு எதிர்ப்பக்கமாக, லுணுகலைப் பாதையில் திரும்பியது.